பொடுகு ஆய்வின் வரலாறு

பொடுகு என்பது தலைத்தோலின் மேலடுக்கு கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து, கண்ணுக்குத் தெரியும் வெள்ளைச் செதில்களாக உதிரும் நிலை ஆகும். சுண்டு என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. உலகில் பருவம் எய்தியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எப்போதாவது ஒருமுறை இது வருகிறது. உயிருக்கு ஆபத்து இல்லாத குறை என்பதால் இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் பொடுகு எதனால் வருகிறது என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை காண மருத்துவ உலகுக்கு 110 ஆண்டுகள் ஆயின. 1874-இல் பாரிசில் ஒருவர் காட்டிய விடையைப் பின்வந்தவர்கள் நம்பினார்கள், பிறகு மறுத்தார்கள், 1984-இல் மீண்டும் ஏற்றார்கள்.

இந்த வரலாற்றின் நடுவில் இருக்கும் பொருள் எண்ணெய். "தலை வறண்டு கிடக்கிறது, எண்ணெய் வை" என்பதுதான் நம் வீடுகளில் பொடுகுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. அது ஏன் பல நேரங்களில் பலிப்பதில்லை என்பதற்கான காரணம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

பழைய நூல்களில் பொடுகு

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான செல்சஸ், தம் மருத்துவ நூலில் முடிகளுக்கு இடையே சிறு செதில்கள் எழுந்து தோலிலிருந்து பிரிவதை விவரிக்கிறார். பெரும்பாலும் அவை உலர்ந்தவை என்றும், சிலசமயம் ஈரமானவை என்றும், தலையில் மட்டுமன்றி அரிதாகத் தாடியிலும் சிலபோது புருவத்திலும் வரும் என்றும் எழுதியிருக்கிறார். இந்த இடக்குறிப்பு வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. தலை, புருவம், தாடி ஆகியவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இடங்கள் என்பது இன்று நமக்குத் தெரியும். செல்சசுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். தலைக்குள் ஏதோ கெட்ட பொருள் இருப்பதால்தான் செதில் வருகிறது. அது உள்ளே திரும்பி முக்கியமான உறுப்புகளைத் தாக்குவதைவிட மேல்தோல் வழியே வெளியேறுவது நல்லது. எனவே அடிக்கடி சீவித் தலையைச் சுத்தம் செய்வதே மேல் என்பது அவர் கருத்து. உடலின் கழிவு வெளியேறும் வாயில் என்று தோலைக் கருதும் எண்ணம் ஐரோப்பிய மருத்துவத்தில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. நம்மிடமும் "உடம்புச் சூடு வெளியேறுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு.

கிரேக்க மருத்துவர்கள் இதைத் தவிட்டுக்கு ஒப்பிட்டார்கள். தவிடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'பிட்டிரியாசிஸ்' என்ற பெயர் இன்றும் தோல் மருத்துவத்தில் புழங்குகிறது.

இந்தியாவில் சுசுருத சங்கிதை இதைச் சிறுநோய்களின் வரிசையில் தாருணகம் என்ற பெயரில் சேர்க்கிறது. முடி முளைக்கும் இடம் கடினமாகி, அரிப்பெடுத்து, வறண்டு, வெடிப்பது இதன் குணம் என்றும், கபமும் வாதமும் கெடுவதால் வருகிறது என்றும் அந்நூல் கூறுகிறது. வறட்சி என்ற அடையாளத்தை இங்கே கவனிக்க வேண்டும். கண்ணுக்குப் பொடுகு வறட்சியாகத்தான் தெரியும். வறட்சிக்கு எதிர்மருந்து நெய்ப்பு என்பது பழைய மருத்துவத்தின் இயல்பான முடிவு. தமிழ்நாட்டில் பொடுதலை, வெட்பாலை போன்ற மூலிகைகளை எண்ணெயில் இட்டுக் காய்ச்சிப் பூசும் வழக்கமும் இதே எண்ணத்தை ஒட்டியதுதான்.

பாரிசில் கண்டது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கி மருத்துவர்களின் அன்றாடக் கருவியானது. தேமல் என்று நாம் சொல்லும் தோல் நோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை என்பதை ஜெர்மானியரான ஐக்ஸ்டெட் 1846-இலேயே கண்டிருந்தார். தோல் செதில்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவியது.

1874-இல் லூயி சார்ல் மலசே என்ற பிரெஞ்சு அறிவியலர் பொடுகுச் செதில்களுக்குள் முட்டை வடிவத்தில், மொட்டு விட்டுப் பெருகும் மிகச்சிறு உயிரணுக்களைக் கண்டார். ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பூஞ்சை அது. பொடுகுக்குக் காரணம் இதுவே என்று அவர் எழுதினார். மலசே அடிப்படையில் தோல் மருத்துவர் அல்லர். திசுக்களின் நுண்ணமைப்பை ஆராய்ந்தவர். இரத்த அணுக்களை எண்ணும் கருவியை மேம்படுத்தியவரும் அவரே. பல் வேரைச் சுற்றிக் காணப்படும் ஒருவகை அணுத்தொகுதிக்கும் அவர் பெயரே வழங்குகிறது. இன்று அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு மலசீசியா என்று பெயர். 1889-இல் தாவரவியலர் பயோன் இட்டது.

மலசே சொன்னதை அக்காலத்தில் பலர் ஏற்றார்கள். ஹாம்பர்க் நகரில் தோல் மருத்துவர் உன்னா, 1887-இல் பொடுகின் கடுமையான வடிவத்தைத் தனி நோயாக விவரித்தார். சிவந்து, எண்ணெய்ப்பசையுள்ள மஞ்சள் செதில்களுடன் மூக்கின் ஓரம், புருவம், மார்பு வரை பரவும் இந்நிலையை இப்போது செபொரிக் தோலழற்சி என்கிறோம். பொடுகும் இதுவும் ஒரே நோயின் இரு படிகள் என்பது இன்றைய பொதுவான கருத்து. செதில்களில் தெரிந்த உயிரணு சிறு குடுவைபோல இருந்ததால் அதற்குப் புட்டி நுண்ணுயிர் என்றும் ஒரு செல்லப்பெயர் ஏற்பட்டது.

தட்டில் வளராத உயிர்

ஆனால் அந்தக் காலம் ராபர்ட் கோக்கின் காலம். ஒரு நுண்ணுயிர்தான் ஒரு நோய்க்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், நோயாளியிடம் அதைக் கண்டால் மட்டும் போதாது. அதை உடலுக்கு வெளியே தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும். வளர்த்ததை மீண்டும் உடலில் ஏற்றினால் அதே நோய் வர வேண்டும். காசநோய், காலரா ஆகியவற்றின் கிருமிகள் இந்த முறையில்தான் அடையாளம் காணப்பட்டன.

பொடுகுப் பூஞ்சை இந்தத் தேர்வில் முதல் படியிலேயே நின்றுவிட்டது. அதை வளர்க்க முடியவில்லை. பாரிசின் புகழ்பெற்ற பூஞ்சையியலர் சபூரோ, பூஞ்சைகளை வளர்ப்பதற்காகச் சர்க்கரையும் பெப்டோனும் கலந்த ஒரு வளர்தளத்தை உருவாக்கினார். இன்றும் உலகின் எல்லா ஆய்வகங்களிலும் அவர் பெயரால் வழங்கும் வளர்தளம் அது. படர்தாமரைப் பூஞ்சை அதில் செழித்து வளரும். பொடுகுப் பூஞ்சையோ அந்தத் தட்டில் பட்டினி கிடந்து செத்தது. 1904-இல் அதற்குப் பிட்டிரோஸ்போரம் என்று பெயர் சூட்டியவரும் சபூரோதான்.

வளராததற்குக் காரணம் மிக எளியது. அந்தத் தட்டில் கொழுப்பு இல்லை.

இந்தக் கட்டத்தில் கதை நம் பக்கம் வருகிறது. இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ கஸ்தெல்லானி, கொழும்பு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர். வெப்பமண்டலத் தோல் நோய்களில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஆல்பர்ட் சால்மர்சுடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கையேடு 1910-இல் வெளிவந்தது. அவ்விருவரும் 1913-இல் இப்பூஞ்சைக்கு இட்ட பிட்டிரோஸ்போரம் ஓவேல் என்ற பெயர் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவப் பாடநூல்களில் நிலைத்தது.

1927-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கணபதி பாஞ்சா, இந்தப் பூஞ்சைகளை வளர்த்தது பற்றிய ஆய்வை வெளியிட்டார். தேமலின் பூஞ்சையும் பொடுகின் பூஞ்சையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, அந்தப் பேரினம் மலசீசியா என்பது அவருடைய வாதம். மேலை உலகம் அதை அப்போது கண்டுகொள்ளவில்லை. பிட்டிரோஸ்போரம் என்ற பெயரே தொடர்ந்தது. பின்னாளில் அறிஞர்கள் ஏற்றது பாஞ்சா சொன்ன பெயரைத்தான். இதை நம் பாடநூல்களில் ஒரு வரியாவது சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

வளர்ப்புச் சிக்கலை முழுமையாக விளக்கியவர் அமெரிக்கரான ரோடா பென்ஹாம். 1939-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இப்பூஞ்சை கொழுப்பை விரும்பி வாழ்வது, கொழுப்பு இல்லாமல் வளராது என்று காட்டியது. அதன்பின் ஆய்வகங்கள் ஒரு சிறிய தந்திரத்தைக் கையாண்டன. சபூரோவின் தட்டிலேயே, மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெயை ஊற்றினார்கள். பூஞ்சை வளர்ந்தது. மலசே கண்டு 65 ஆண்டுகள் ஆன பிறகு, தட்டில் குறைந்திருந்தது ஒரு சொட்டு எண்ணெய் என்று தெரிந்தது.

மருந்து முந்தியது

காரணம் உறுதியாகாத நிலையிலும் விற்பனை நிற்கவில்லை. 1930-களில் அமெரிக்க இதழ்களில் லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பொடுகுக்கும் தேய்க்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். புட்டி நுண்ணுயிரின் படத்தைப் போட்டு, பொடுகு தொற்றிக்கொள்ளும் நோய் என்று அச்சுறுத்தினார்கள். தோளில் விழும் வெள்ளைத் தூளால் வேலை கிடைக்காது, திருமணம் நடக்காது என்ற அச்சத்தை அக்கால விளம்பரக்காரர்கள்தாம் வளர்த்தார்கள். அந்த அச்சம் இன்றைய தொலைக்காட்சி விளம்பரங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

உண்மையில் பயன் தந்த மருந்துகள் 1950-க்குப் பிறகு வந்தன. 1951-இல் செலினியம் சல்பைடு கலந்த ஷாம்பு செபொரிக் தோலழற்சிக்கு நல்ல பலன் தருவதாகத் தோல் மருத்துவ இதழில் அறிக்கை வெளியானது. 1961-இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆய்வுக்குப் பின், துத்தநாகப் பைரிதியோன் கலந்த ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஷாம்புவை வெளியிட்டது. இதற்கு முன்பே கந்தகம், நிலக்கரித் தார், சாலிசிலிக் அமிலம் ஆகியவை புழக்கத்தில் இருந்தன.

இவை எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டால், அன்றைய பதில் வேறாக இருந்தது. இவை தோல் அணுக்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் செதில் குறைகிறது என்றார்கள். பூஞ்சையைப் பற்றிய பேச்சு மெல்ல மறைந்தது.

மறுப்பு

இந்த மறுப்புக்குத் தலைமை ஏற்றவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அவருடைய குழுவின் வாதம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒன்று. இந்தப் பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. பொடுகே இல்லாதவர் தலையிலும் இருக்கிறது. அவ்வாறிருக்க அது எப்படி நோய்க்குக் காரணமாகும்?

அவர்கள் எண்ணியும் பார்த்தார்கள். தலைத்தோலில் வாழும் நுண்ணுயிர்களுள் இந்த ஈஸ்ட்டின் பங்கு, இயல்பானவர்களிடம் 46 விழுக்காடு, பொடுகு உள்ளவர்களிடம் 74 விழுக்காடு, செபொரிக் தோலழற்சி உள்ளவர்களிடம் 83 விழுக்காடு. எண்ணிக்கை கூடுவது உண்மைதான். ஆனால் கிளிக்மன் அதைத் தலைகீழாகப் படித்தார். செதில் அதிகமாக இருப்பதால் பூஞ்சைக்கு உணவும் இடமும் அதிகம் கிடைக்கின்றன. அதனால் அது பெருகுகிறது. விளைவைக் காரணம் என்று எண்ணிவிட்டோம் என்பது அவர் கருத்து.

சோதனைகளும் முரண்பட்டன. 1969-இல் காசும் வாண்டர்விக்கும் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தந்தபோது பொடுகு குறைந்தது. அம்மருந்துக்கு அசையாத பூஞ்சை வகையை மீண்டும் தலையில் விட்டபோது பொடுகும் திரும்பியது. கோக் கேட்ட சான்றுக்கு மிக அருகில் வந்த சோதனை இது. ஆனால் 1976-இல் கிளிக்மன் குழு ஆம்போடெரிசின்-பி என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லியால் ஈஸ்ட்டை அடக்கியும் பொடுகு குறையவில்லை என்று அறிவித்தது. பெரிய பெயர் கொண்டவரின் சொல் வென்றது. பொடுகு தோல் அணுக்களின் வேகக்கோளாறு என்பதே அக்காலத்தின் பாடமானது.

கிளிக்மன் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளைக் கொண்டு அவர் பல தோல் மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் சோதித்தார். அவர்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். தங்கள் உடலில் ஏற்றப்படுவது என்ன என்பதைப் பலர் முழுமையாக அறிந்திருக்கவில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021-இலும் பிலடெல்பியா நகரம் 2022-இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. நாம் கடையில் எடுக்கும் குப்பிக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

1984

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இருந்த தோல் மருத்துவர் சாம் ஷஸ்டர், 1984-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தருக்கம் பள்ளி மாணவருக்கும் புரியக்கூடியது. பொடுகுக்குப் பலன் தரும் மருந்துகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். வேதியியலில் இவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. துத்தநாகப் பைரிதியோன் ஒருவகை, செலினியம் சல்பைடு வேறுவகை, கந்தகம் மற்றொரு வகை. அப்படியானால் இவை அனைத்துக்கும் பொதுவான குணம் எது? எல்லாமே இந்த ஈஸ்ட்டைக் கொல்லும் அல்லது அடக்கும்.

அப்போது கையில் கீட்டோகோனசோல் என்ற புதிய மருந்தும் வந்திருந்தது. பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகத்தில் உருவான பூஞ்சைக்கொல்லி அது. அதைச் செபொரிக் தோலழற்சி நோயாளிகளுக்குத் தந்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாத முறையில் ஷஸ்டரின் குழு சோதித்தது. மருந்து உண்டவர்களுக்கு நோய் தணிந்தது. மலசேயின் பூஞ்சை மீண்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

அதே ஆண்டுகளில் எய்ட்சு நோயாளிகளிடம் செபொரிக் தோலழற்சி மிக அதிகமாகவும் கடுமையாகவும் காணப்படுவது தெரியவந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தால் தோலின் பூஞ்சை எல்லை மீறுகிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது.

கிளிக்மன் கேட்ட கேள்வி மட்டும் மீந்திருந்தது. எல்லோர் தலையிலும் இருப்பது சிலருக்கு மட்டும் ஏன் தொல்லை தருகிறது?

எண்ணெயின் பங்கு

விடை படிப்படியாக வந்தது. 1996-இல் பிரான்சின் கெகோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் இந்தப் பேரினத்தைத் திருத்தி வகைப்படுத்தி, நான்கு புதிய இனங்களைச் சேர்த்தார்கள். அவற்றுள் மலசீசியா குளோபோசா, மலசீசியா ரெஸ்ட்ரிக்டா என்ற இரண்டும்தான் தலைத்தோலில் மிகுதி. 2007-இல் குளோபோசாவின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. இதைச் செய்ததில் ஷாம்பு நிறுவனமான புராக்டர் அண்ட் கேம்பிளின் அறிவியலர்களுக்கு முதன்மைப் பங்கு உண்டு. ஏறத்தாழ 4,285 மரபணுக்கள் கொண்ட அந்தத் தொகுதியில் ஒன்று மட்டும் காணவில்லை. கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்வதற்கான மரபணு. மாறாக, வெளியில் உள்ள கொழுப்பை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் நிறைய இருந்தன. பென்ஹாம் 1939-இல் தட்டில் பார்த்தது இங்கே மரபணுவில் எழுதப்பட்டிருந்தது.

தலைத்தோலின் சுரப்பிகள் சீபம் என்னும் எண்ணெய்ப் பொருளைச் சுரக்கின்றன. பூஞ்சை தன் நொதியால் அதை உடைக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. நிறைவுறாதவற்றை விட்டுவிடுகிறது. அப்படி மிஞ்சுவதில் முக்கியமானது ஒலீயிக் அமிலம். இது தோலின் காப்பு அடுக்குக்குள் ஊடுருவி எரிச்சல் ஊட்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பூஞ்சையை விலக்கிவிட்டு ஒலீயிக் அமிலத்தை மட்டும் தலையில் தடவினார்கள். பொடுகு வரும் இயல்புடையவர்களுக்குச் செதில் எழுந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளிக்மனின் கேள்விக்கான விடை இதுதான். பூஞ்சை, சீபம், தனிமனிதத் தோலின் கூருணர்வு ஆகிய மூன்றும் கூடினால்தான் பொடுகு. எரிச்சலுற்ற தோல் தன் அணுக்களை அவசரமாக மேலே தள்ளுகிறது. இயல்பில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் மெதுவாக மேலே வந்து, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டிய அணுக்கள், முதிராமலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டு பெயர்கின்றன. நாம் வறட்சி என்று காண்பது இந்தக் கொத்தைத்தான். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப்பசையுள்ள தோல்.

வயதும் இதனால் விளங்குகிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் பிறந்த சில மாதங்கள் சுறுசுறுப்பாக இருக்கும். கைக்குழந்தையின் உச்சியில் படியும் மஞ்சள் பொருக்கு அப்போது வருவது. பிறகு அடங்கிக் கிடந்து பருவ வயதில் மீண்டும் விழித்துக்கொள்ளும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பொடுகுத் தலை அரிது; ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு ஒருவர் இருப்பார். அந்த வயதில்தான் கேலியும் உச்சத்தில் இருக்கும். "குளிக்கமாட்டாயா?" என்று ஆசிரியரே கேட்டுவிடுவதும் உண்டு. பொடுகு அழுக்கால் வருவதன்று. பக்கத்தில் உட்காருபவருக்கு ஒட்டிக்கொள்வதும் அன்று. ஒட்டிக்கொள்ள வேண்டிய பூஞ்சை எல்லோர் தலையிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது.

இனி நம் வீட்டு எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வேறு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வது வேறு. வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து, சிறிது ஊறவைத்து, சீயக்காயோ அரப்போ இட்டுச் சுத்தமாக அலசுவது நம் பழைய முறை. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருள், தேய்த்த எண்ணெயுடன் தலையில் சுரந்த எண்ணெயையும் ஊறிப்போன செதிலையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகும். அதில் குறை காண இடமில்லை. ஆனால் அலசாமல் நாள்தோறும் எண்ணெயை வைத்துக்கொண்டே இருப்பது வேறு செயல். ஆலிவ் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒலீயிக் அமிலம் கணிசமாக உண்டு. ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்க்க ஊற்றும் எண்ணெயை, பூஞ்சையால் அவதிப்படும் தலையில் ஊற்றுவதாக அது முடியும்.

தேங்காய் எண்ணெயை மட்டும் இந்தக் கணக்கில் அப்படியே சேர்த்துவிடக் கூடாது. அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். ஒலீயிக் அமிலம் குறைவு. இந்தியப் பெண்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் தலையின் நல்ல நுண்ணுயிர்களுக்கு ஆதரவாக இருப்பதாகக் கூறியது. ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டுவது சரியன்று. என்றாலும், 'எண்ணெய் எல்லாம் நஞ்சு' என்று இப்போது சிலர் சொல்வதும் 'எண்ணெய் எல்லாம் மருந்து' என்ற பழைய பேச்சைப் போலவே அரைகுறையானது.

சீயக்காயிலிருந்து பாக்கெட் வரை

ஷாம்பு என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்போ' என்ற இந்திச் சொல் அதன் மூலம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்திப் பெயர் பெற்றார். அங்கே ஷாம்பு என்றால் முதலில் உடம்பு பிடிப்பதுதான். தலை கழுவுதல் என்ற பொருள் பின்னால் ஏறியது.

அந்தச் சொல் புட்டியில் அடைபட்டு நம்மிடம் திரும்பியபோது, நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத விலையில் இருந்தது. அதைச் சிறு பாக்கெட்டில் அடைக்கலாம் என்ற எண்ணம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுடையது. அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்புவும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்புவும் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தன. பின்னர் பெரிய நிறுவனங்களும் அந்த வழியைப் பின்பற்றின. பொடுகு ஷாம்புவும் பாக்கெட்டாகத் தொங்கத் தொடங்கியது இப்படித்தான். பொடுகைப் பொறுத்தவரை இது சிறிய செய்தி அன்று. குப்பி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் மருந்து கைக்கு எட்டியது.

இன்றைய நடைமுறை

பொடுகை அடக்கலாம், ஒரேயடியாக ஒழிக்க முடியாது. பூஞ்சை தலையின் நிலையான குடி என்பதால் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்புவை வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் பயன்படுத்துவதும், பிறகு ஒரு வாரத்துக்கோ இரு வாரங்களுக்கோ ஒருமுறை தொடர்வதும் வழக்கமான முறை. எந்தப் பொடுகு ஷாம்புவானாலும் முடிக்கு அன்று, தோலுக்குப் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு அலச வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டு, பலனில்லை என்பவர்கள்தாம் அதிகம்.

கீட்டோகோனசோலை மாத்திரையாக உண்பது கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் 2013-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஷாம்புவுக்கு அந்தத் தடை இல்லை. துத்தநாகப் பைரிதியோன் விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதித்ததன் அடிப்படையில், 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் அதைத் தடை செய்தது. அங்கே இப்போது பிராக்டோன் ஒலமின் போன்றவை அதன் இடத்தில் சேர்க்கப்படுகின்றன.

செதிலெல்லாம் பொடுகும் அன்று. எண்ணெய்ப்பசையோ சிவப்போ இன்றிச் சிறு தூளாக உதிர்ந்து, கைகால் தோலும் சேர்ந்து வறண்டிருந்தால் அது வெறும் தோல் வறட்சி. அதற்கு மென்மையான ஷாம்புவும் எண்ணெயும் உதவும். முடியில் ஒட்டிக்கொண்டு ஊதினாலும் உதிராத வெள்ளைப் புள்ளி ஈராக இருக்கலாம். எல்லை தெளிவாகத் தெரியும் தடித்த வெள்ளிநிறப் படலம் சோரியாசிஸைக் காட்டுவது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் எழுந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. அது தொற்றக்கூடியது, ஷாம்புவால் மட்டும் தீராது, உள்ளுக்கு மருந்து வேண்டும். அப்படிப்பட்ட குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நான்கு வாரம் முறையாக ஷாம்பு போட்டும் அடங்காத பொடுகையும், நீர் கசியும் அல்லது சீழ் வைக்கும் தலையையும் அவரிடமே காட்ட வேண்டும்.